‘லை’ எழுத்து தேய்ந்த ஊர்: குன்னூர் நாட்குறிப்பு

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர்

விடியும் நேரத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டது. மலை ரயில் பெட்டிகள் தயாராக நின்றன. ஏழு பத்துக்குப் புறப்பாடு. கையில் ஒரு பை, ஒரு கோடு போட்ட நோட்டு, நேற்றிரவு சென்ட்ரலில் வாங்கிய பத்திரிகை.

எதற்காக வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா திண்டுக்கல்லில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஒரு உள்ளூர் மாதமிருமுறை இதழ் ஆகியவற்றுக்கு முப்பது ஆண்டு அச்சுக் கோர்த்தார். புரூஃப் காகிதத்தின் பின்பக்கத்தில்தான் நான் எழுதப் பழகினேன். திருத்தும்போது அவர் பெயர்களைத்தான் முதலில் பார்ப்பார். மற்றப் பிழைகளை வாசிப்பவர் பொறுத்துக்கொள்வார், பெயரில் பிழை வந்தால் அந்த வீட்டுக்காரர் காலத்துக்கும் மறக்கமாட்டார் என்பார். அவர் போன பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் அங்கே பத்திரிகை எப்படி வந்தது, அதில் யார் பெயர் வந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. இந்த முறை குன்னூர்.

குன்னூரை ரயில் ஊர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1873-இல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்து மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து மேலே குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான். 1891-இல் ஆளுநர் வென்லாக் பிரபு தொடங்கிவைத்த மலைப் பாதை வேலை பாதியில் நின்று, முதல் கம்பெனி கலைந்து, இன்னொரு கம்பெனி வந்து முடித்தது. 1899 ஜூன் 15 அன்று குன்னூருக்கு ரயில் ஏறியது. உதகைக்குப் போனது 1908 அக்டோபர் 15 அன்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் தண்டவாளத்தின் கடைசி ஊர் குன்னூர்தான். உதகைக்குப் போகவேண்டிய துரைகளும் தபாலும் சரக்கும் இங்கே இறங்கித்தான் மாட்டு வண்டிக்கோ குதிரை வண்டிக்கோ மாறவேண்டும். அந்த ஒன்பது ஆண்டில் ரயிலடியைச் சுற்றிக் கடைவீதி கெட்டிப்பட்டது என்பது என் ஊகம்.

கல்லாறில் வண்டி ஒரு கணம் தயங்கியது. இங்கிருந்து பல்சக்கரப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ரம்பம் போன்ற பல் வைத்த சட்டம் ஓடுகிறது. இன்ஜினின் அடியிலுள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓரடி உயரம். இன்ஜின் இருப்பது கீழ்ப்பக்கம். பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் டிரைவருக்கு முன்னே இருக்கும் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். கையில் சிவப்பு, பச்சைக் கொடிகள். முதல் பெட்டியில் நிற்பவர் காட்டும் கொடி கைமாறிக் கைமாறி டிரைவர் வரை போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். அத்தனை வளைவிலும் இந்தக் கண்கள்தான் வண்டிக்குக் கண்.

ஹில்குரோவில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, காதோரம் நரை. பத்திரிகையில் எப்போதாவது உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கேட்டேன். விநோதமான கேள்வி. ஆனால் அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“ஒருதரம் வந்தது போலத்தான். நாலைந்து வருடம் இருக்கும். இங்கிருந்து கொஞ்சம் கீழே தண்டவாளத்தில் யானையும் குட்டியும் நின்றுகொண்டிருந்தன. முதலில் பார்த்து சிவப்புக் கொடி காட்டியது நான்தான். அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தோம். அடுத்த நாள் பேப்பரில் ‘ரயில்வே ஊழியர்கள்’ என்று போட்டிருந்தார்கள். ஊழியர்கள் என்றால் அதில் நானும் சேர்த்திதானே, அம்மா?”

விசில் ஊதியது. டம்ளரைக் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். இறங்கும்போது பெயரைக் கேட்டேன். சொன்னார், எழுதிக்கொண்டேன். ஆனால் வேலையில் இருப்பவர், வெளியே போட வேண்டாம் என்றும் சொன்னார். அதனால் இங்கே இல்லை.

குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள். நான் இறங்கிக்கொண்டேன்.

இரண்டாம் நாள்: குன்னூர்

காலை நான்கரை மணி. பஸ் ஸ்டாண்ட் ஓரம் ஒரு கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் சாக்கு விரித்திருந்தார்கள். கோவையில் அச்சாகும் பதிப்புகளை ஏற்றிக்கொண்டு வேன் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து கட்டுகளை இறக்கிவிட்டுப் போனது. குல்லாவும் மஃப்ளரும் போட்ட நான்கு பையன்கள் உட்கார்ந்து இணைப்புகளைச் செருகினார்கள். விரல் விறைத்துப்போகும் குளிர். பையன்கள் உள்ளங்கையில் ஊதிக்கொண்டு, எண்ணி, மடித்து, தெருவாரியாக அடுக்கினார்கள். ஏஜென்ட் அருகில் நின்று வீட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். நோட்டுப் பார்க்கவில்லை. மேல் குன்னூர், பெட்போர்டு, மவுண்ட் ரோடு என்று எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர் என்பது அத்தனையும் நாவில் இருந்தது.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய அப்பா காலத்திலிருந்து இதே தொழில். “அப்போது மதராஸிலிருந்து வரும் பேப்பர் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மலை ரயிலில் ஏறும், கண்ணு. வண்டி வந்து சேரும்போது பத்தரை மணி. அப்பா ஸ்டேஷனில் காத்திருப்பார். ஊரே மத்தியானம்தான் காலைப் பேப்பர் படிக்கும்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தமிழிலும் நாளிதழ் வந்துவிட்டது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் வார இதழாகத் தொடங்கிய சுதேசமித்திரன் பின்னர் நாளிதழானது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்திக்குப் பிறகுதான் டீக்கடை பெஞ்சுக்குப் பேப்பர் வந்தது என்று பெரியவர் சொல்கிறார். ஒருவர் உரக்கப் படிக்க, எஸ்டேட் ஆட்களும் சுமை தூக்குபவர்களும் சுற்றி நின்று கேட்பார்களாம். படிப்பவருக்கு டீ இலவசம்.

ஆறு மணிக்குப் பையன்கள் சைக்கிளிலும் நடையிலுமாகக் கலைந்தார்கள். பெரியவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். மனைவி டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்தார். வர்க்கி சுற்றி வந்த பழைய பேப்பரை அவர் நீவி, மடித்து, ஓரமாக எடுத்து வைத்தார். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எந்தத் தாளையும் இந்த வீட்டில் எறிவதில்லை.

பிறகு பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே நீளவாக்குக் கணக்கு நோட்டுகள். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கோத்தகிரி பற்றி வந்த செய்திகளையெல்லாம் வெட்டி ஒட்டியிருக்கிறார். மைதாப் பசை காய்ந்து பக்கங்கள் அப்பளம் போல மொரமொரத்தன. மலை ஈரத்தில் சில பக்கங்களில் பூசணம் வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது. வெள்ளிப்பூச்சி தின்ற சந்துகள் வழியே அடுத்த பக்கத்துச் செய்தி தெரிந்தது. வேப்பிலையும் கற்பூரமும் போட்டு வைத்திருக்கிறார். ஆனாலும் இந்த ஊரின் ஈரத்தோடு காகிதம் போராடித் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் என் கை நின்றது. 1993 நவம்பர். மரப்பாலம் அருகே மலை சரிந்து பேருந்துகளை அடித்துக்கொண்டு போன செய்தி. அச்சில் எண்ணிக்கை இருந்தது. ஓரத்தில் நீல மையில், நெருக்கி நெருக்கி, பெயர்கள்.

“இது யார் எழுதியது, ஐயா?”

“நான்தான். பேப்பர் வாங்க வருபவர்கள் சொல்வார்கள். இன்னார் போய்விட்டார், இன்னார் மகன் காணோம் என்று. பேப்பரில் எண்ணிக்கைதான் வந்தது. எண்ணிக்கையை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது?”

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ‘தொழிலாளர் இருவர் காயம்.’ ஓரத்தில் இரண்டு பெயர். ‘கரடி தாக்கி மூதாட்டி படுகாயம்.’ ஓரத்தில் பெயர், ஊர், மகள் கட்டிக்கொடுத்த ஊர். 2009 நவம்பரில் நீலகிரி முழுவதும் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதத்துக்கு மட்டும் பதினோரு பக்கம், அச்செழுத்தை விட நீல மை அதிகம். ஓரிடத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு, “உயிரோடு இருக்கிறார், கோவை ஆஸ்பத்திரி” என்று எழுதியிருந்தார். அப்பா இருந்திருந்தால் அந்தத் திருத்தத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

யானைச் செய்தியைக் கேட்டேன். மாதம் தெரியாமல் தேடுவது சிரமம். நாளைக்குள் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள்: கடைவீதி

இன்று முழுதும் ஓர் அச்சகத்தில்.

பெரியவர் கைகாட்டிய இடம். வெளியே ஜெராக்ஸ், லேமினேஷன், ஃப்ளெக்ஸ் என்று பலகை. உள்ளே, பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு டிரெடில் மெஷின். உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். என் அப்பா கம்பாசிட்டர் என்று சொன்னதும் ஒன்றும் பேசாமல் தாளை உருவினார். வட்ட மைத்தட்டில் காய்ந்த கறுப்பு மை வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. மிதிகட்டையில் கால் வைக்கும் இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருந்தது. அவருடைய அப்பா மிதித்த இடம், பிறகு இவர் மிதித்த இடம்.

எழுபதுகளில் இங்கே ஒரு நான்கு பக்க வாரப் பத்திரிகை அச்சாகியிருக்கிறது. சில ஆண்டுகள்தான். தேயிலை விலை, ரேஷன் கடைக்கு என்ன வந்தது, கூட்டங்கள், மரண அறிவிப்பு, காணாமல் போன மாடு. குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. சிறு விவசாயிக்கு ஏல விலை தெரிவது அந்தக் காலத்தில் பெரிய காரியம். பச்சை இலைக்குக் கிலோவுக்கு என்ன கேட்கலாம் என்று பேசுவதற்கு அந்த நான்கு பக்கம் கையில் இருந்தது.

மரப்பெட்டிகளை இழுத்துக் காட்டினார். எழுத்துப் பெட்டி. அறை அறையாக ஈய எழுத்துகள். அச்செழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி இருக்கும். சின்ன வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்துப் பழகியதால் எனக்கு அது நேராகத்தான் தெரிகிறது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். க, கா, கி. பிறகு ஓர் அறையில் லை. இப்போது நாம் எழுதும் லை இல்லை. தலைக்கு மேல் யானைத் துதிக்கை போல வளைந்து ஒரே உருவாக நிற்கும் பழைய லை. அதைப் போலவே ணை, ளை, னை. 1935-இல் பெரியார் குடி அரசு இதழில் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பாடப்புத்தகத்திலிருந்தும் அச்சகத்திலிருந்தும் இந்த எழுத்துகள் வெளியேறின. ணா, றா, னா எழுத்துகளின் பழைய வடிவங்களும் அப்படித்தான் போயின. சீர்திருத்தம் நல்லது, பிள்ளைகளுக்குப் படிக்க எளிது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது மனது கனத்தது.

ணையும் ளையும் விளிம்பு கூராக, புதிதுபோல இருந்தன. லை மட்டும் தேய்ந்திருந்தது. துதிக்கையின் வளைவு சப்பையாகி, சிலவற்றில் நுனியே காணோம்.

“ஏன் இது மட்டும் இப்படி?” என்றேன்.

“நீங்களே சொல்லுங்கள், இந்த ஊரில் என்ன செய்தி வரும்? மலை. தேயிலை. விலை. வேலை. காலை வண்டி, மாலை வண்டி, சாலை மூடல். வெடிமருந்துத் தொழிற்சாலை. உபதலை. எல்லாம் லையில்தானே முடிகிறது? பக்கம் பாதி ஆகும்போதே லை தீர்ந்துவிடும். ஒரு பாரம் அச்சடித்து, எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்ததற்கு லை கிடைக்கும். கோயமுத்தூரில் எழுத்து வாங்கப் போனால் அப்பா லை மட்டும் தனியாக அரைக் கிலோ வாங்கி வருவார்.”

இதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. திண்டுக்கல்லில் எங்கள் அச்சகத்தில் எந்த எழுத்து முதலில் தீரும் என்று அப்பாவிடம் ஒருநாளும் கேட்காமல் போய்விட்டேன்.

உபதலை என்றாரே, அந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குன்னூருக்கு அருகில் உள்ள படகர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த ராவ் பகதூர் பெள்ளி கவுடர் இந்த ரயில் பாதை வேலையில் ஒப்பந்ததாரராக இருந்தவர். அவருடைய மகன் ஆரி கவுடர் படகர்களில் முதல் பட்டதாரி, சட்டமன்றம் வரை போனவர். மலை ரயில் என்றால் வென்லாக் பிரபு, சுவிஸ் இன்ஜினியர், சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த இன்ஜின் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த மலையிலேயே பிறந்த ஒருவர் இந்தத் தண்டவாளத்துக்கு ஆள் சேர்த்துக் கல் பெயர்த்தார் என்பதை உபதலைக்காரர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். அந்தக் கல்லைப் பெயர்த்த கைகளின் பெயர்கள் அவர்களிடமும் இல்லை.

புறப்படும்போது உரிமையாளர் ஒரு லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடினார். பணம் என்று வாய் திறந்தேன். கையை அசைத்தார்.

நான்காம் நாள்: உதகை, மாலை நஞ்சப்பாசத்திரம்

உதகையில் எனக்கு அதிக வேலை இல்லை. நீலகிரி நூலகத்தை மட்டும் பார்த்துத் திரும்பினேன். 1859-இல் தொடங்கிய நூலகம். ராபர்ட் சிஷோம் வரைந்த கட்டடம், செங்கல்லும் கோதிக் வளைவும் உயரமான ஜன்னலுமாக தேவாலயம் போல இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உதகையில் ‘சௌத் ஆஃப் இந்தியா அப்சர்வர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை வந்தது. அந்த அச்சகம் புத்தகங்களும் அச்சிட்டது. குன்னூரிலும் ஆங்கிலத்துக்குக் குறைவில்லை. 1893-இல் தொடங்கிய தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசியின் தலைமையகம் குன்னூர் கிளென்வியூவில் இருக்கிறது. அதன் இதழான ‘பிளான்டர்ஸ் கிரானிக்கிள்’ நூறாண்டு கடந்தது. இப்படிப்பட்ட இதழ்களுக்கு நூலகம் உண்டு, பைண்டிங் உண்டு, அலமாரி உண்டு. அவை காக்கப்படுவதில் எனக்கு மகிழ்ச்சியே. குன்னூர் கடைவீதியில் அச்சான நான்கு பக்கத்துக்கு மட்டும் ஏன் ஒரு தட்டுகூட இல்லை என்பதுதான் திரும்பும் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பிரதியை எங்கும் பார்க்கவில்லை. நேற்று அச்சகத்திலும் இல்லை. அடுப்பெரிக்கப் போயிற்று, வர்க்கி சுற்றப் போயிற்று என்றார்கள்.

மாலையில் நஞ்சப்பாசத்திரம் போனேன். காட்டேரிப் பக்கம், சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த இடம். சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்துகொண்டிருந்தது. பதினான்கு பேரில் பதின்மூவர் அன்றே இறந்தார்கள். ஒரு வாரம் கழித்து குரூப் கேப்டன் வருண் சிங்கும் போய்விட்டார். அன்று உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் குன்னூரின் பெயர் வந்தது. ரயில் வந்தபோதுகூட அப்படி வந்திருக்காது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். கிடைத்த போர்வைகளையெல்லாம் எடுத்துப்போய்க் கொடுத்தார்கள். டிசம்பர் மாதக் குளிர். இந்த மலையில் அந்த மாதத்தில் போர்வையைக் கொடுத்துவிட்டு இரவைக் கழிப்பது எப்படி என்று நான்கு நாளாக இங்கே படுத்து எழுந்த எனக்குத் தெரிகிறது. வாசலில் நின்றிருந்த ஓர் அம்மாவிடம் பேசினேன். போர்வை திரும்பி வந்ததா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவரே சொன்னார்: “அவர்கள் மேல் போர்த்தியது, அம்மா. அதைத் திருப்பிக் கேட்பார்களா?”

பெரியவரின் நோட்டில் 2021 டிசம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தை முந்தாநாள் பார்த்திருந்தேன். அச்சில் ‘கிராம மக்கள்’. ஓரத்தில் நீல மை இரண்டு பத்தி ஓடியது.

ஐந்தாம் நாள்: கோத்தகிரி

கண்ணேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பெத்தக்கல் பங்களா. 1819-இல் மலையேறி வந்த கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் முதலில் வீடு கட்டிய இடம். இப்போது அவருடைய நினைவகமும் நீலகிரி ஆவண மையமும் அங்கே இருக்கின்றன. பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். இடிந்து கிடந்த கட்டடத்தை எடுத்துக் கட்டி ஆவணம் சேர்த்தவர்களைக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் இன்று நான் எழுத நினைப்பது வேறு. திரும்பும் வழியில், தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், ஒரு பாட்டி வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தேன். பெரியவரின் பேப்பர் பையன்களில் ஒருவனுடைய பாட்டி.

1964-இல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ வந்தது. பாட்டி வந்தது எழுபதுகளில், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு ரயில், பஸ். கூடவே ஒரு டிரங்குப் பெட்டி.

பெட்டியைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறம் முழுவதும் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. வீரகேசரி. 1930 முதல் கொழும்பில் வெளிவரும் நாளிதழ். தேதி இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. ஒரு சினிமா விளம்பரம், ஒரு சோப்பு விளம்பரம், பாதி வெட்டுப்பட்ட ஒரு தோட்டச் செய்தி. நிறம் தேயிலைச் சாயம் போல ஆகியிருந்தது.

“எனக்கு எழுத்து தெரியாது, மகள். அப்பாதான் லயத்து வாசலில் உட்கார்ந்து படிப்பார், எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்போம். வருவதற்கு முதல் நாள் ராத்திரி அவர் கையாலேயே கோதுமைமாப் பசை காய்ச்சி ஒட்டினார். பெட்டிக்குள் கறள் பிடிக்காமல் இருக்குமாம். இத்தனை வருஷமாக ஒருத்தரையும் கிழிக்க விடவில்லை.”

வெட்டுப்பட்ட தோட்டச் செய்தியை உரக்கப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ‘தொழிலாளர்கள்’ என்று தொடங்கி மூன்று வரியில் அறுந்து நின்றது. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அந்தத் தாளில் வந்த ‘தோட்டம்’ என்ற சொல்லில் தன்னுடைய தோட்டத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அரசாங்கக் காகிதங்களில் இவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். பாட்டி பிறந்தது ஹட்டனில். அவருடைய அம்மா பிறந்ததும் அங்கேதான். பிறந்த மண்ணை விட்டு ஏற்றி அனுப்பியதைத் ‘திரும்புதல்’ என்று எழுதியது தவறு. இதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அவருடைய பெயரையும் அப்பா பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பெரியவரிடம் கொடுக்கிறேன் என்று சொன்னேன். பேரன் பேப்பர் எடுக்கும் கடைக்காரர்தானே என்று பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

ஆறாம் நாள்: இறக்கம்

காலையில் பெரியவர் வீட்டுக்குப் போனபோது யானைச் செய்தி கிடைத்துவிட்டது. ஒற்றைப் பத்தி, ஐந்து வரி. ‘ரயில்வே ஊழியர்கள் யானையைக் கண்டு வண்டியை நிறுத்தினர்’ என்று இருந்தது. ஓரம் காலி. அந்த இடத்தில் அவருக்குப் பெயர் தெரியாமல் போயிருக்கிறது. அதற்காக அவர் வருத்தப்பட்டது எனக்கு வியப்பாக இருந்தது.

நான் பெயரைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீலப் பேனாவை உதறி, முதலெழுத்து என்ன, ஒற்று உண்டா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு எழுதினார். பிறகு புது நோட்டில் ஒரு பக்கம் திறந்து பாட்டியின் பெயர், அவருடைய அப்பா பெயர், தோட்டத்தின் பெயர். அந்தப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எந்தச் செய்தியும் இல்லை. பக்கத்தின் நடுவை வெறுமனே விட்டுவிட்டு, ஓரத்தில்தான் எழுதினார்.

நோட்டுகளைப் படம் எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். மூன்று மணி நேரம் எடுத்தேன். முழுதும் முடியவில்லை, பாதிக்கு மேல் இருக்கிறது. மழைக்கு முன்னால் மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வேப்பிலை மாற்றும்போது நானும் உடனிருப்பேன்.

பிற்பகல் வண்டி உதகையிலிருந்து வந்து நின்றது. டீசலைக் கழற்றி நீராவி இன்ஜினை மாட்டினார்கள். யானைச் செய்திப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். முதல் பெட்டியில் நின்றவர் வேறொருவர், இளைஞர். நான் தேடிய பிரேக்ஸ்மேனுக்கு இன்று ஓய்வு, நாளைதான் டியூட்டி என்றார். தாளைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். அச்சைப் படித்துவிட்டு ஓரத்துக்கு வந்ததும், “இது எங்கள் அண்ணன் பெயராயிற்றே” என்றார். உதட்டை அசைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒருமுறை படித்தார். நான்காக மடித்து, சீருடைச் சட்டையின் மேல் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

பிறகு வெளிப்பக்கம் சாய்ந்து பச்சைக் கொடியை நீட்டினார். பின்னால் அடுத்த பெட்டியிலும் ஒரு பச்சைக் கொடி எழுந்தது, அதற்கடுத்ததிலும்.